கிரபிக்ஸ் கார்ட் வியாபாரம்: பெட்டியில் உள்ள பெயருக்கு விலையா, உள்ளே உள்ள வேலைக்கு விலையா?

எமது வர்த்தகர்கள் மத்தியில் கணினித் துறைக்குள் நுழைந்தவர்களின் தொகை கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கணிசமாக அதிகரித்திருக்கிறது. தந்தை புடவைக் கடையோ செருப்புக் கடையோ நடத்திய இடத்தில் மகன் கணினியும் கைத்தொலைபேசியும் விற்பதை இன்று பல நகரங்களில் காணலாம். இந்தத் துறையில் முதல் அதிகம் முடங்குவதும் வாடிக்கையாளர் அதிகம் குழம்புவதும் ஒரே பொருளில்தான். கணினி விளையாட்டுக்களுக்காக வாங்கப்படும் கிரபிக்ஸ் கார்டே அது. ஒரு கார்டின் விலை சிலவேளை மீதிக் கணினி முழுவதன் விலைக்கும் சமமாகி விடுகிறது.

நானும் பல வருடங்களாக இந்தப் பொருளை வாங்கி விற்று வருபவன். கடைக்கு வரும் இளைஞர்கள் கேட்கும் முதலாவது கேள்வி, "நானா, என்விடியா நல்லமா, ஏ.எம்.டி. நல்லமா?" என்பதாகும். வியாபாரிகளில் பலர் அதற்கு உடனடியாக ஒரு பெயரைச் சொல்லி விடுகின்றனர். பெரும்பாலும் இறாக்கையில் எது தேங்கிக் கிடக்கிறதோ, எதில் இலாபம் கூடவோ அந்தப் பெயரே வாயில் வருகிறது. வாங்கிச் செல்பவனோ முதற் சம்பளத்தில் சேர்த்த பணத்தையோ வெளிநாட்டில் உழைக்கும் வாப்பா அனுப்பிய பணத்தையோ கொடுக்கிறான். வீட்டுக்குப் போய்ப் பார்த்து ஏமாந்தால் அவன் மட்டுமல்ல, அவனுடைய பத்து நண்பர்களும் மறுமுறை எமது கடைப் படி ஏற மாட்டார்கள். எனவே இந்தப் பொருளை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை விற்பவர்கள் முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்பதே எனது கருத்தாகும்.

கீழே குறிப்பிடும் டொலர் விலைகள் யாவும் அந்தந்தக் கார்ட் வெளியான நாளில் கம்பனிகள் அமெரிக்கச் சந்தைக்கு அறிவித்த விலைகள். எமது நாட்டு விலை வேறு. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு இவை உதவும்.

மூன்று கம்பனிகள்

1990களில் இந்தச் சந்தையில் பல கம்பனிகள் இருந்தன. வூடூ கார்டுகளால் புகழ்பெற்ற 3டீ.எஃப்.எக்ஸ். கம்பனியின் சொத்துக்களை வாங்குவதாக 2000 டிசம்பரில் என்விடியா அறிவித்தது. கனடாவின் ஏ.டீ.ஐ. கம்பனியை 2006 இல் ஏ.எம்.டி. 5.4 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அதன் பின்னர் நீண்ட காலம் இருவர் போட்டியாகவே இருந்த சந்தைக்குள் 2022 இல் இன்டெல் 'ஆர்க்' என்ற பெயரில் நுழைந்தது.

இவர்கள் வடிவமைப்பது பிரதான சிப்பை. அதனைப் பலகையில் பொருத்தி, விசிறி போட்டு, பெட்டியில் அடைத்து விற்பவர்கள் அசூஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், சஃபையர் போன்ற வேறு கம்பனிகள். ஆகவே ஒரே சிப் உள்ள கார்டை இரண்டு விசிறியோடு ஒரு விலைக்கும், மூன்று விசிறியும் வர்ண விளக்கும் சேர்த்து வேறு விலைக்கும் காணலாம். விளையாட்டின் வேகத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மிகச் சொற்பம். அலங்காரத்துக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சிலவேளை அடுத்த தரத்துக் கார்டையே வாங்கி விடலாம். இதனை வாடிக்கையாளருக்குச் சொல்வது எமது கடமை.

பெயரும் பொருளும்

இத்துறையில் ஒரே பெயரில் இரண்டு தரமான சாமான்கள் வருவது புதிதல்ல. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

ஜீ.டீ. 1030 என்ற சிறிய கார்ட் 2017 இல் ஜீ.டீ.டீ.ஆர். 5 மெமரியுடன் வந்தது. 2018 இல் அதே பெயரில் சாதாரண டீ.டீ.ஆர். 4 மெமரியுடன் இன்னொன்று வந்தது. முதலாவதன் மெமரி செக்கனுக்கு 48 ஜீ.பீ. கடத்தியது. இரண்டாவது ஏறத்தாழ 17 ஜீ.பீ. மட்டுமே. பெட்டியில் பெயர் ஒன்று, உள்ளே சரக்கு வேறு.

ஜீ.டீ.எக்ஸ். 1060 இல் 3 ஜீ.பீ., 6 ஜீ.பீ. என இரு வகை இருந்தன. வித்தியாசம் மெமரி மட்டும்தான் என்று பலர் நினைத்தனர். 3 ஜீ.பீ. வகையில் சிப்பின் சில பகுதிகளும் குறைக்கப்பட்டிருந்தன. ஆர்.டீ.எக்ஸ். 3050 உம் அப்படித்தான். 2022 ஜனவரியில் 249 டொலருக்கு வந்த 8 ஜீ.பீ. கார்ட் ஒன்று. 2024 பெப்ரவரியில் அதே பெயரில் வந்த 6 ஜீ.பீ. கார்ட் வேறொன்று. பின்னையதில் மெமரிப் பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியது. சிப்பும் சிறிதாகக் குறைக்கப்பட்டது.

2014 இல் வந்த ஜீ.டீ.எக்ஸ். 970 இல் 4 ஜீ.பீ. மெமரி என்று சொல்லப்பட்டது. அதில் கடைசி அரை ஜீ.பீ. மிக மெதுவாக இயங்கியது வெளியில் வந்தபோது வழக்கு ஏற்பட்டு, 2016 இல் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்ட் ஒன்றுக்கு 30 டொலர் கொடுக்க என்விடியா இணங்கியது. 2022 செப்டெம்பரில் ஆர்.டீ.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜீ.பீ., 12 ஜீ.பீ. என இரு கார்டுகளை அது அறிவித்தது. சிப்பே வேறாக இருந்ததால் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே 12 ஜீ.பீ. கார்டை வாபஸ் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டீ.ஐ. என்ற பெயரில் 100 டொலர் குறைத்து விற்பனைக்கு விட்டது.

ஏ.எம்.டி.யும் இதில் சளைத்ததல்ல. ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரில் சீனச் சந்தைக்காக வந்த '2048எஸ்.பீ.' வகை உண்மையில் ஆர்.எக்ஸ். 570 இன் தரத்தில் உள்ளது. சீனாவிலிருந்து மலிவாக வரும் ஆர்.எக்ஸ். 580 கார்டுகளில் பல இந்த வகையே. ஆகவே விலைப்பட்டியலில் பெயரை மட்டும் பார்த்து ஓர்டர் கொடுக்கும் வியாபாரி முதலில் தானே ஏமாறுகிறார். பின்னர் தெரிந்தோ தெரியாமலோ வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார்.

இன்றைய ஒப்பீடு

நடுத்தர வருமானக்காரர் வாங்கும் தரத்தை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

2023 மே மாதம் ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 7600 கார்ட் 269 டொலருக்கு வந்தது. அடுத்த மாதம் என்விடியாவின் ஆர்.டீ.எக்ஸ். 4060 கார்ட் 299 டொலருக்கு வந்தது. இரண்டுமே 8 ஜீ.பீ. சாதாரண விளையாட்டுக்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். ஒளி, நிழல் ஆகியவற்றை இயற்கை போல் காட்டும் 'ரே டிரேசிங்' வேலையில் 4060 முந்துகிறது. மின்சாரமும் அதற்கே குறைவு, 115 வொட். 7600 க்கு 165 வொட்.

2024 டிசம்பரில் இன்டெல் ஆர்க் பீ580 என்ற கார்டை 249 டொலருக்குக் கொண்டு வந்தது. அதில் 12 ஜீ.பீ. மெமரி. 4060 ஐ விடச் சராசரியாக 10 வீதம் வேகம் என்று இன்டெல் கூறியது. புதிய ப்ரொசெஸர் உள்ள கணினியில் அது நல்ல கார்ட்தான். ஆனால் பழைய அல்லது பலம் குறைந்த ப்ரொசெஸருடன் போட்டால் அதன் வேகம் வெகுவாக இறங்குவதைப் பரிசோதகர்கள் 2025 இன் ஆரம்பத்தில் காட்டினர். எமது வாடிக்கையாளர்களில் அநேகர் பழைய கணினிக்குப் புதிய கார்ட் தேடுபவர்கள். அவர்களுக்கு இதனைக் கண்ணை மூடிக் கொண்டு விற்கக் கூடாது.

2025 ஏப்ரலில் ஆர்.டீ.எக்ஸ். 5060 டீ.ஐ. வந்தது. 8 ஜீ.பீ. 379 டொலர், 16 ஜீ.பீ. 429 டொலர். ஜூனில் ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டீ. வந்தது. 8 ஜீ.பீ. 299 டொலர், 16 ஜீ.பீ. 349 டொலர். 16 ஜீ.பீ. கார்டுகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்விடியா சிறிதளவு முந்துகிறது.

இங்கேதான் வியாபாரியின் கணக்கு தேவைப்படுகிறது. விளையாட்டின் வேகத்தை ஒரு செக்கனில் திரையில் எத்தனை படம் வருகிறது என்று அளக்கிறார்கள். அதற்குப் பிரேம் என்று பெயர். 9060 எக்ஸ்.டீ. 100 பிரேம் தரும் இடத்தில் 5060 டீ.ஐ. 105 பிரேம் தருகிறது என்று வைத்துக் கொள்வோம். 349 ஐ 100 ஆல் பிரித்தால் ஒரு பிரேமுக்கு 3.49 டொலர். 429 ஐ 105 ஆல் பிரித்தால் 4.09 டொலர். 5 வீத வேகத்துக்காக 23 வீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அறிவித்த விலையில் பார்த்தால் விளையாட்டுக்கு மட்டும் வாங்குபவருக்கு ஏ.எம்.டி. கார்டே பெறுமதி. உங்கள் கடையில் உள்ள ரூபா விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். விலை மாறும்போது விடையும் மாறும்.

ஆனால் வாங்குபவர் கல்யாண வீடியோ எடிட் செய்பவராகவோ, பிளெண்டர் போன்ற மென்பொருளில் வேலை செய்பவராகவோ இருந்தால் என்விடியாவுக்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் வீணாகாது. அத்தகைய மென்பொருள்கள் பலவும் என்விடியாவின் 'கூடா' முறைக்கு ஏற்ப எழுதப்பட்டவை. யாருக்கு விற்கிறோம் என்பதைக் கேட்டறியாமல் எது நல்ல கார்ட் என்று சொல்லவே முடியாது.

8 ஜீ.பீ. போதுமா?

ஒரே சிப்பில் 8 ஜீ.பீ.க்கும் 16 ஜீ.பீ.க்கும் இடையே அறிவித்த வித்தியாசம் இரு கம்பனிகளிடமும் 50 டொலர்தான். வெலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்றவற்றை மட்டும் விளையாடுபவருக்கு 8 ஜீ.பீ. தாராளம். உண்மையில் அவருக்கு இந்தத் தரத்துக் கார்டே தேவையில்லை. புதிதாக வரும் பெரிய விளையாட்டுக்களை உயர்ந்த தரத்தில் விளையாட விரும்புபவருக்கு 8 ஜீ.பீ. பல இடங்களில் போதாமல் வருகிறது. மெமரி நிரம்பினால் படம் தடுக்கித் தடுக்கி வரும்.

சராசரி பிரேம் கணக்கில் இந்தத் தடுக்கல் ஒளிந்து விடும். மாதச் சராசரி விற்பனை நன்றாக இருந்தாலும் இடையில் ஒரு வாரம் கடை வெறிச்சோடிக் கிடந்திருக்கலாம் அல்லவா? அதனால்தான் பரிசோதகர்கள் '1 வீதக் குறைந்த பிரேம்' என்று இன்னோர் எண்ணையும் தருகின்றனர். இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 5060 டீ.ஐ. வெளியானபோது 8 ஜீ.பீ. கார்டுகள் பரிசோதகர்களுக்கு முன்கூட்டியே கிடைக்கவில்லை. கடையில் வாங்கியே சோதித்தனர். உற்பத்தியாளர் எதைக் காட்டத் தயங்குகிறாரோ அதில் நாம் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

விளம்பர எண்களிலும் கவனம் தேவை. 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் பெறுமதியான ஆர்.டீ.எக்ஸ். 5070 கார்ட், 1,599 டொலருக்கு வந்த 4090 இன் வேகத்தைத் தரும் என்று மேடையில் அறிவித்தார். செயற்கை நுண்ணறிவு மூலம் இடையிடையே செருகப்படும் படங்களையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. அந்த வசதி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கார்ட் தானாகவே வரைந்த படத்தையும் இடையில் செருகிய படத்தையும் ஒரே தராசில் நிறுத்தி, இரண்டும் ஒன்று என்று வாடிக்கையாளரிடம் சொல்வது நேர்மையான வியாபாரம் அல்ல.

வாடிக்கையாளரின் கணினி

நல்ல கார்டும் பொருந்தாத கணினியில் கெட்டுப் போகும். 2022 ஜனவரியில் ஏ.எம்.டி. 199 டொலருக்கு விட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டீ. இதற்குச் சிறந்த உதாரணம். மதர்போர்டுடன் அது பேசும் பாதை நான்கு தடம் மட்டுமே. புதிய பீ.சி.ஐ. 4.0 மதர்போர்டில் ஓரளவு ஓடிய கார்ட், 3.0 உள்ள பழைய மதர்போர்டில் பெரிதும் பின்தங்கியது. மலிவான கார்டை வாங்குபவரிடம்தான் பழைய மதர்போர்ட் இருக்கும். மலிவு என்று வாங்கியவருக்கு அது நட்டத்தில் முடிந்தது. 7600, 4060, பீ580, 5060 டீ.ஐ. எல்லாமே எட்டுத் தடக் கார்டுகள். 9060 எக்ஸ்.டீ. பதினாறு தடம். பழைய மதர்போர்ட் உள்ளவருக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது மின்சாரம். கேசிங்குடன் சேர்ந்து வரும் மலிவான பவர் சப்ளையில் பெரிய கார்டைப் பொருத்திக் கொடுப்பது ஆபத்து. மின்கட்டணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 4060 க்கும் 190 வொட் பீ580 க்கும் அதிகபட்ச வித்தியாசம் 75 வொட். பத்துக் கணினிகள் வைத்து, நாளுக்குப் பத்து மணித்தியாலம் கேம் சென்டர் நடத்துபவருக்கு இது மாதம் 225 யூனிட் வரை போகும். வீட்டில் மாலையில் விளையாடும் பையனுக்கு அவ்வளவு பெரிய விடயமல்ல.

பாவித்த கார்டுகள்

எத்தீரியம் நாணயம் 2022 செப்டெம்பரில் தனது முறையை மாற்றியதும் அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. மலிவான ஆர்.எக்ஸ். 6600 ஐப் போன்று அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் இன்று பாவித்த கார்ட் வாங்கி விற்பவர்கள் இரண்டு விடயங்களை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, ஜீ.டீ.எக்ஸ். 900, 10 வரிசைக் கார்டுகளுக்கு விளையாட்டுக்களுக்கான புதிய டிரைவர் கொடுப்பதை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்தியது. இரண்டாவது, 2024 டிசம்பரில் வந்த 'இந்தியானா ஜோன்ஸ்' போன்ற சில புதிய விளையாட்டுக்கள் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டுகளில் இயங்காது. ஜீ.டீ.எக்ஸ். 1660 உம் ஆர்.எக்ஸ். 5700 உம் அந்த வகையில் சேர்கின்றன.

போலிகளும் உண்டு. பத்து, பதினைந்து வருடப் பழைய கார்டின் உள்மென்பொருளை மாற்றி, ஜீ.டீ.எக்ஸ். 1050 டீ.ஐ. என்று ஸ்டிக்கர் ஒட்டி வருகிறார்கள். ஜீ.பீ.யூ.-இசட் என்ற இலவச மென்பொருள் பல போலிகளை உடனே காட்டிக் கொடுக்கும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் எந்தப் பாவித்த கார்டையும் கடைக்குள் எடுக்க வேண்டாம்.

ஸ்டொக் வைப்பவர்களுக்கு

கிரபிக்ஸ் கார்டை அரிசி மூட்டை போல் அடுக்கி வைத்து விலை ஏறும் வரை காத்திருக்க முடியாது. மீன் வியாபாரத்துக்குத்தான் இது கிட்ட வரும். 2008 ஜூனில் என்விடியா ஜீ.டீ.எக்ஸ். 280 ஐ 649 டொலருக்கும் 260 ஐ 399 டொலருக்கும் வெளியிட்டது. அதே மாதம் ஏ.எம்.டி. ரேடியன் எச்.டீ. 4850 ஐ 199 டொலருக்கும் 4870 ஐ 299 டொலருக்கும் இறக்கியது. சில வாரங்களிலேயே என்விடியா தனது விலைகளை 499 க்கும் 299 க்கும் குறைக்க நேர்ந்தது. பழைய விலைக்கு ஸ்டொக் எடுத்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

மறுபக்கம் 2022 இல் எமது ரூபா சில மாதங்களில் டொலருக்கு 200 அளவிலிருந்து 360 வரை வீழ்ந்தபோது ஸ்டொக் வைத்திருந்தவர்கள் இலாபம் கண்டனர். அதைப் பார்த்து இது நிரந்தர வழி என்று எண்ணியவர்களும் உண்டு. அது நாணயத்தின் வீழ்ச்சியால் வந்த இலாபம். அதே பொருளைத் திரும்ப வாங்கப் போனபோது அந்த இலாபம் கரைந்து போனது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதும் முடங்கும் முதல் இன்னும் கூடியது. ஆகவே குறைந்த எண்ணிக்கையில் எடுத்து விரைவாக விற்பதே சிறு வியாபாரிக்குப் பாதுகாப்பு. புதிய வரிசை வரப் போகிறது என்ற செய்தி அடிபடும்போது பழைய வரிசையில் பெரிய ஓர்டர் கொடுக்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியவை

பற்றுச்சீட்டில் 'கிரபிக்ஸ் கார்ட் 1' என்று எழுதுவதை நிறுத்துவோம். சிப்பின் முழுப் பெயர், மெமரி அளவு, மெமரி வகை, புதியதா பாவித்ததா, உத்தரவாதம் யார் தருவது, எத்தனை வருடம் என்பன எழுத்தில் இருக்கட்டும். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்துக்கு அப்பால் பின்னால் வரும் சண்டை சச்சரவையும் அந்த ஒரு வரி எழுத்து தவிர்க்கும்.

விலை சொல்வதற்கு முன்னர் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். என்ன விளையாட்டு? எந்த அளவுத் திரை? எந்த ப்ரொசெஸர், மதர்போர்ட்? பவர் சப்ளை எத்தனை வொட்? இந்த நான்குக்கும் விடை கிடைத்தால் எந்தக் கார்ட் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்து விடும். சிலவேளை அது நாம் விற்க நினைத்ததை விடக் குறைந்த விலைக் கார்டாக இருக்கும். அதையே கொடுத்து அனுப்புங்கள். இரண்டு, மூன்று வருடத்தில் அவன் அடுத்த கார்டுக்கு வரும்போது, வேறு கடையில் விலை கேட்காமல் நேராக உங்களிடம் வருவான்.